தோலோடு நின்றுவிடும் நிறம்

கெங்கம்மா மக்காச்சோளத்தை மூன்றாம் முறை கழுவியும் தண்ணீர் சிவப்பாகத்தான் வடிந்தது.

"இன்னாடி இது, கலீஜா கீது? சாயம் பூசினாப்புல. கோயிகூட துன்னாது இத்த."

மகிழினி சிரித்தாள். கல்லூரியில் தாவரவியல், இரண்டாம் ஆண்டு. மக்காச்சோளத்தின் நிறங்கள் பற்றிய பாடம் போன வாரம்தான் நடந்திருந்தது.

"சாயம் இல்லம்மா. செவப்பு சோளம்னே ஒரு ஜாதி கீது. மகரந்தம் எந்தச் செடியிலேர்ந்து வந்தாலும் சரி, மேல்தோலு மட்டும் தாய்ச் செடியோடது. தாய் செவப்புன்னா ஒரு கதிருல அத்தினி மணியும் செவப்பு. சில ஜாதில உள்ள கட்டைகூடச் செவப்பா இருக்கும். நாவப்பயம் கய்வுனா கையில ஒட்டலியா? அந்த மாரிதான் இதுவும்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அப்பாவு மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டியா கெங்கா? எம் பொண்ணு சோளத்துக்கே ஜாதகம் எய்துது!"

துறைமுகத்துக்குக் கப்பல் வராத மாதம் அது. மூட்டை தூக்கும் வேலை இல்லை. அன்று அவரை ஒரு கிடங்கைப் பெருக்கிவிடக் கூப்பிட்டிருந்தார்கள். தரையில் சிந்திக் கிடப்பது பெருக்குகிறவனுக்கு என்பது அங்கே எழுதாத சட்டம். கோதுமை கிடைத்திருக்கிறது, பருப்பு கிடைத்திருக்கிறது. இந்த முறை இது.

கெங்கம்மா மகளின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தாள்.

உப்பும் மிளகாயும் சேர்ந்து வெந்த வாசனை புளியந்தோப்புக் குடியிருப்பின் அந்த மாடி முழுக்கப் பரவியது. அப்பாவு தட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க துன்னுங்க நைனா. நான் அப்பால துன்றேன்" என்றாள் மகிழினி.

அவளுக்கு வேறு வேலை இருந்தது. கழுவுவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்து வைத்திருந்தாள். நாளை பேராசிரியரிடம் காட்ட வேண்டும். வகுப்பில் யாரும் சிவப்புச் சோளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. புத்தகத்தில் வெளிறிப்போன ஒரு படம் இருந்தது, அவ்வளவுதான்.

மாடிப்படியில் வெளிச்சம் இருந்தது. செய்தித்தாளை விரித்து மணிகளைக் கொட்டினாள். முழு மணிகளைப் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டாள். உடைந்தவற்றை ஒதுக்கினாள்.

உடைந்த ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

உதறப் போனவள் நிறுத்தினாள்.

உடைந்த பக்கமும் சிவப்பாக இருந்தது.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் உடைந்த முகத்தில் அதே சிவப்பு.

தோலின் நிறம் தோலோடு நின்றுவிடும். உள்ளே மஞ்சளோ வெள்ளையோதான் தெரிய வேண்டும். உடைந்த இடமும் சிவந்திருக்கிறது என்றால், உடைந்த பிறகுதான் சிவப்பு வந்திருக்கிறது.

நகத்தால் சுரண்டினாள். சிவப்பு பொடியாக உதிர்ந்தது. அடியில் சாதாரண மஞ்சள் சோளம்.

விதைப்பதற்கென்று ஒதுக்கும் மணிகளுக்குப் பூச்சி மருந்து பூசுவார்கள். யாரும் தெரியாமல் எடுத்துத் தின்றுவிடக் கூடாதென்று அந்த மருந்தில் சிவப்புச் சாயம் கலப்பார்கள். இதையும் அதே வகுப்பில்தான் சொன்னார்கள், மணி அடித்து எல்லோரும் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது.

செய்தித்தாள் காற்றில் புரண்டது. மணிகள் படிகளில் உருண்டன. அவள் உள்ளே ஓடினாள்.

அப்பாவின் தட்டு காலியாக இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அம்மா பானையின் அடியை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

மகிழினி வாயைத் திறப்பதற்குள் கெங்கம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெட்கத்தை மகிழினி பார்த்ததே இல்லை.

"உனுக்கு மிச்சம் வைக்க முடியலடி. பக்கத்து வூட்டு அஜீசுன்னிசா வந்தா. இன்னாக்கா இவ்ளோ செவப்பா கீது, துன்லாமான்னு கேட்டா. எம் பொண்ணு காலேஜ்ல படிக்குது, அதுவே சொல்லிச்சுன்னேன். அப்பால ஒண்ணும் கேக்கல. கொயந்தைங்களுக்குன்னு கிண்ணம் நெறைய வாங்கினு போனா."

சுவருக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.