வக்கீலின் சைலன்சர்

ஜாக்கி போட்டுத் தூக்கிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில், பரிசோதகர் டார்ச்சோடு மல்லாந்து கிடக்கிறார். சைலன்சரில் தொழிற்சாலை பொறித்த எண் இருந்தால்தான் ‘அசல்’ என்று சான்றிதழ். அது இருந்தால்தான் நாளைய கண்காட்சியில் இடம். எண் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய மூக்குதான் தெரிகிறது, அவ்வளவு பளபளப்பு. வெளியே வக்கீலின் வெள்ளைக் காலணிகள் வாதாடிக்கொண்டே நடக்கின்றன. “ஒரு போல்ட்டு மாத்தினதில்ல சார். ஞாயித்துக்கிழமை தவறாம நானே பாலீஷ் போடுறேன்.” “ஓட்டினதைவிடத் தேய்ச்சதுதான் அதிகம்,” என்கிறார் பக்கத்தில் நிற்கும் வக்கீலின் மனைவி. பரிசோதகர் விடும் பெருமூச்சு சைலன்சரில் ஆவியாகப் படிந்து மெல்ல விலகுகிறது. எண் தேய்ந்தே போய்விட்டது. ஆனால் அந்தத் தொழிற்சாலை மேல்பக்கத்திலும் அதையே பொறிப்பது வழக்கம். “அம்மா, கைக்கண்ணாடி இருக்குமா?” பவுடர் வாசனையோடு ஒரு வட்டக் கண்ணாடி கீழே வருகிறது. சைலன்சருக்கு மேலே, துணி பிடித்த கை நுழைய முடியாத சந்தில் பரிசோதகர் அதைச் சாய்த்துப் பிடிக்கிறார். முழுக்கத் துரு, கரி. கரிக்கு நடுவே ஐந்து இலக்கங்கள், இடம் வலமாக மாறி, முழுசாக.

காலணிகள் நின்றுவிடுகின்றன. “என்ன சார், ஒரிஜினல்தானே?”

“ஒரிஜினல்தான். உங்க கை படாத இடத்துல துருவோட பத்திரமா இருக்கு.”

“துருவா?” வக்கீல் பதறிக் குனிகிறார், கை தானாகவே பாக்கெட்டிலிருந்து துணியை உருவுகிறது.

“அம்மா,” என்கிறார் பரிசோதகர் அடியிலிருந்தே, “நான் கையெழுத்துப் போடுற வரைக்கும் சார் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.”