கைராசிக்காரி

"என் ஆன்டிபாடி குறையுது சார். யார் எடுக்கிறாங்கன்னும் எனக்குத் தெரியும்."

ஆய்வுக்கூடத்தின் வாராந்தரக் கூட்டத்தில் அந்த முனைவர் பட்ட மாணவி இதைச் சொன்னதும் எல்லோருடைய கண்ணும் கடைசி நாற்காலிக்குப் போயிற்று. அங்கே உட்கார்ந்திருந்த ஆராய்ச்சியாளருக்கு ஓசி அண்ணன் என்று பெயர். அடுத்தவர் கொட்டப்போவதைக்கூட, "கீழ ஊத்தாதீங்க, எனக்கு ஆகும்" என்று வாங்கி வைத்துக்கொள்கிற ஆசாமி.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார். திருப்பி வெச்சுட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும்தான்.

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மரபணுக்களை முடுக்கிவிடுகிற ஒரு புரதத்தைச் செல்லுக்குள் தேடுவது அவள் ஆராய்ச்சி. அதைப் பிடித்துக் காட்டுவது, ஒரு முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி. அந்த முயல் செத்துப்போயாயிற்று. மிச்சம் ஒரு சின்னக் குப்பிதான். அதில் துளி எடுத்து, சாயங்காலமே கலக்கி, குழாயில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். காலையில் பார்த்தால் அளவு குறைந்திருக்கும். வயிறு எரியாதா?

இந்த மாதிரி ஆன்டிபாடியை பாலிகுளோனல் என்பார்கள். ஒரே ஆள் இல்லை, ஒரு கும்பல். சொன்ன புரதத்தைப் பிடிக்கிறவர்களும் அதில் உண்டு. வழியில் போகிறவனையெல்லாம் சட்டையைப் பிடித்து இழுக்கிற வம்புக்காரர்களும் உண்டு. அதனால், செல்லின் புரதங்களை ஏற்றிச் சோதிக்கிற காகிதம் மாதிரியான சவ்வில், ஒரு கோடு விழவேண்டிய இடத்தில் கன்னாபின்னாவென்று பத்துக் கோடு விழும். முதல் தடவை அவளுக்கும் அப்படித்தான் விழுந்தது. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள். அப்புறம் என்ன மாயமோ, எப்போது செய்தாலும் ஒரே கோடு, பளிச்சென்று.

"கைராசிக்காரிப்பா" என்றார்கள். அவளும் நம்பினாள். புதிதாக வந்தவர்களுக்கு, "கை சுத்தமா இருக்கணும்" என்று வகுப்பெடுக்கிற அளவுக்கு நம்பினாள்.

ஓசி அண்ணனைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வந்தது. சாவி அவளிடம்.

வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். கடைசியாக, ஒரே கோடு விழுந்த சவ்வின் படம் ஒன்று காட்ட வேண்டும். காட்டினால் பட்டம், இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை சவ்வில் பத்துக் கோடு. புதன்கிழமையும் பத்துக் கோடு. குப்பியும் காலி.

அவளுக்குச் சுரீரென்றது. இது அந்த ஆளின் வேலைதான். தடதடவென்று கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

"என் ஆன்டிபாடியில என்ன கலந்தீங்க?"

ஓசி அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "எதுவும் கலக்கலம்மா. வேண்டாததை எடுத்தேன்."

மேசையில் ஒரு தட்டு இருந்தது. திரவத்தில் ஒரு சவ்வு மிதந்தது.

"நீங்க தேடுற புரதமே இல்லாத செல் ஒண்ணு நம்மகிட்ட இருக்கில்ல? அதோட சாறு ஏத்தின சவ்வு இது. நீங்க கலக்கி வெச்சுட்டுப் போறதை ராத்திரி முழுக்க இதுல ஊறப் போட்டா, கண்டதைப் பிடிக்கிறதெல்லாம் இதுலயே ஒட்டிக்கும். நல்லது மட்டும் மிஞ்சும். காலையில அதை உங்க குழாயிலயே ஊத்தி வெச்சிடுவேன். சவ்வு ஈரமாகுறதுல கொஞ்சம் குறையத்தான் செய்யும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேனேம்மா. நீங்க அழுதுட்டு வந்தீங்களே, அன்னிக்கு. போன்ல பேசிக்கிட்டிருந்தீங்க. 'ம், ம், பண்ணுங்க'ன்னு கையைக் காட்டினீங்க."

கையைக் காட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. யாரென்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் இத்தனை நாளாகக் கைராசி என்று கொண்டாடிக்கொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

ஓசி அண்ணன் தன் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு குழாயை எடுத்து நீட்டினார். "ஒவ்வொரு தடவையும் வேலை முடிஞ்சதும் மிச்சத்தைக் கீழ ஊத்தப் போனீங்க இல்ல? நான் வாங்கிச் சேர்த்து வெச்சிருக்கேன். சுத்தம் பண்ணினதுதான், இன்னும் வேலை செய்யும். வெள்ளிக்கிழமைக்கு ஆகும்."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கு எல்லாரும் சேர்ந்து உங்களைப் பார்த்துச் சிரிச்சோமே அண்ணே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

அவர் மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, உங்களைப் பார்த்துல்லம்மா சிரிச்சிருப்பாங்க."