விசுவாசக் கடிதம்

இந்தக் கிழமை சற்குணத்தின் வீட்டுக்கு வந்த மூன்றாவது மார்சிப்பான் கேக் இது. பிறந்தநாளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஊரில் ஆட்சி மாறியிருந்தது, அவ்வளவுதான்.

புதிதாக ஆட்சிக்கு வந்த கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலேயே அதில் இருந்தவர், ஒஸ்லோவில் சற்குணம் ஒருவர்தான். இப்போது ஊரில் அரசாங்க வேலையில் இருப்பவர்கள், ‘இவர் என்றைக்கும் எங்களோடு நின்றவர்’ என்று இந்தக் கட்சியின் பழைய ஆள் ஒருவரிடம் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம்.

நேற்றுவரை, இப்போது பதவி போன அமைச்சரின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்ததுகள் எல்லாம் ஊரிலுள்ள சொந்தங்களுக்குக் கடிதம் கேட்டு, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் அவருடைய வாசலில் சப்பாத்தைக் கழற்றின. வெட்கம் கெட்டதுகள்.

இன்றைக்கு வந்தவன் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் இருக்கும் ரவீந்திரன். அமைச்சரோடு எடுத்த படத்தை முகநூலிலிருந்து இரவோடிரவாக அழித்தவன். ஊரில் மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் அண்ணனுக்குக் கடிதம் கேட்டான். கடிதம் இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பென்சனுக்கு இன்னும் ஒரு வருடம்தானாம்.

“உங்கடை அண்ணர் எங்கடை கட்சிக்கு என்ன செய்தவர்?”

“என்ன இப்பிடிக் கேக்கிறியள் அண்ணை? தடைக் காலத்திலை உங்கடை பெடியன் ஒருத்தனை எங்கடை வீட்டிலை ஒளிச்சு வைச்சிருந்தவர். தன்ரை கையாலை சோறு குடுத்தவர்.”

சற்குணம் தேநீர்க் கோப்பையை இடக்கையால் எடுத்தார். வலக்கை விரல்கள் மடங்காது. எங்கேயோ வேலையில் நசிந்ததாக்கும் என்று ரவீந்திரன் நினைத்துக்கொண்டான்.

“பின் அறையிலையோ? யன்னல் இல்லாத அறை?”

“ஓம், ஓம், அதுதான்.”

தான் அப்போது விடுதியில் நின்று படித்ததால் அந்தப் பெடியனைக் கண்டதில்லை என்றான். அவன் எப்படியோ தப்பி வெளிநாடு போய்விட்டதாக அண்ணன் சொன்னாராம். அந்தப் புண்ணியமோ என்னவோ, அடுத்த மாதமே அண்ணனுக்குக் கச்சேரி வேலை கிடைத்ததாம்.

சற்குணம் தேநீரைக் கீழே வைத்தார்.

“றால் குழம்பு,” என்றார் பிறகு. “நல்ல உறைப்பு. நான் சோத்துக் கோப்பையை வழிச்சுச் சாப்பிட்டனான்.”

ரவீந்திரனுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் முகமெல்லாம் பல்லாக எழுந்துவந்து, அந்த மடங்காத விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

“கடவுளே, அந்தப் பெடியன் நீங்களோ? அப்ப கடிதத்துக்கு யோசிக்கவே தேவையில்லை. அண்ணரின்ரை வேலையைக் காப்பாத்திவிடுங்கோ.”

சற்குணம் கையை இழுத்துக்கொண்டார். கேக் பெட்டியைத் திறக்காமலே அவன் பக்கம் தள்ளினார்.

“அந்த வேலையே என்னைக் காட்டிக் குடுத்து எடுத்ததுதான், தம்பி.”