இரண்டாவது தட்டு

"இன்னிலேர்ந்து எனக்கு ஒரே தட்டுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் களிப்பானையின் முன்னால் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் கேழ்வரகுக் களியைக் கீரையில் புரட்டிக்கொண்டிருந்தார். ஓர் உருண்டையை முடிப்பதற்குள் திணறிப் போகிறவர். தறியில் உட்கார்ந்தால் எது நூல், எது மனுஷர் என்று தெரியாது.

அவருக்குச் சேர வேண்டிய சதையையும் நானே வைத்திருக்கிறேன் என்று தெருவில் பேச்சு.

பேச்சைக் கிளப்பியவள் பக்கத்து வீட்டுக் கோமளவல்லி. இப்போதும் வாசற்படியில்தான் நின்றாள்.

"இன்னாக்கா, ஒரே தட்டா? மழ கொட்டி ஏரி ரொம்பிடும் போ!"

காலையில் நடந்தது அவளுக்குத் தெரியாது.

ஆடிக் கிருத்திகைக்கு நடந்தே மலையேறுவதாக எனக்கு ஒரு வேண்டுதல். இன்று ஒத்திகை பார்க்கப் போனேன். முதல் மண்டபத்திலேயே, மூச்சு என்னை விட்டுவிட்டுத் தனியாக மேலே ஏறிப் போய்விட்டது.

டோலி தூக்கும் வீராசாமி ஓடி வந்தான். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"யம்மா, இப்டியே குந்திகினு இரு. இன்னும் ரெண்டு ஆள இட்டாரேன்."

ஆட்கள் வருவதற்குள் இறங்கி வந்துவிட்டேன். இறங்குவதற்கு மட்டும் என் உடம்பு எப்போதும் தயார்.

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்பார்கள். என்னுடையது களி வைராக்கியம். களி கிளறும் துடுப்பைக் கையில் எடுக்கும்வரை இருக்கும்.

முதல் தட்டு பசிக்கு. இரண்டாவது தட்டு, வீணாகக் கூடாதே என்று. தானியத்தை அளந்து போடுகிற யுத்த காலத்தில், ஆக்கியதைக் கொட்ட மனசு வருமா? யுத்தம் கொழுத்தது. கூடவே நானும் கொழுத்தேன்.

ஆனால் இன்று வீராசாமியின் பார்வை முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. என் தட்டில் ஓர் உருண்டை போட்டேன். பானையை மூடினேன்.

"நெசமாத்தான்!" கோமளவல்லி வாயில் கை வைத்துக்கொண்டு நகர்ந்தாள், அடுத்த வீட்டில் சொல்ல.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே, எதையோ திருடிவிட்டது போலவும் இருந்தது.

அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். சுவரோரம் கவிழ்த்திருந்த இரண்டாவது தட்டை எடுத்துத் தோள்துண்டால் துடைத்தார். எப்போதும் வைக்கிற இடத்தில், எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். பானையைத் திறந்து அதில் ஓர் உருண்டை போட்டார்.

"இன்னாங்க, வைராக்கியத்தக் கெடுக்கறதுக்குன்னே செய்றீங்களா?"

"நீ துன்ன வாணாம்" என்றார். "நீ மல ஏறு."

தட்டின் விளிம்பில் வெட்டியிருந்த பெயரைக் கட்டைவிரலால் தடவினார்.

பரந்தாமன்.

பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போன எங்கள் பிள்ளை. அவன் திரும்பி வர வேண்டும் என்றுதான் என் வேண்டுதல்.

தினமும் போல, கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். களி ஆறிப்போயிற்று.

பிறகு, தினமும் நான் இழுத்துக்கொள்கிற அந்தத் தட்டை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.