கியோட்டோவில் கால் நோவு

பட்டப்பகலில் யன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, லின்ஃபீல்ட் வீட்டின் வரவேற்பறைச் சுவரில் தியாகலிங்கம் கியோட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

1986இல் ஒக்லண்டில் அவருக்குத் தெரிந்த தமிழர்களுக்குள் ஜப்பான் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் கூட்டத்தோடு கூட்டமாக அல்ல. தனிக் கார், வெள்ளைக் கையுறை போட்ட சாரதி, தம்பதிகள் இருவருக்காக மட்டும் நாள் முழுக்க ஒரு வழிகாட்டிப் பெண். வந்தவர்கள் மறந்துவிடுவார்களோ என்று இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

வந்தவர்கள் மரக்கறி ரோல்ஸைக் கடித்தபடி சுவரைப் பார்த்தார்கள். மனைவி ரதிதேவி புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருந்து படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இதில் மனமில்லை. பயணம் முடிந்து வீடு திரும்பிய அன்றுதான், யாழ்ப்பாணத்தில் அவளுடைய அம்மா செத்த செய்தியை அவர் அவளுக்குச் சொன்னார். அவர்கள் ஜப்பானில் நின்ற நேரம் பார்த்துத் தந்தி வந்து கிடந்ததாம். அங்கே அண்ணன், ஒரே தங்கச்சி வரட்டும் என்று பிரேதத்தை நாள்கணக்கில் வைத்துக் காத்திருந்துவிட்டு, கடைசியில் எரித்துவிட்டான். ஒரு பதில்கூட அனுப்பாதவளும் ஒரு மகளா என்று ஊரெல்லாம் கேட்கிறான். அவளோடு கதைப்பதேயில்லை.

தெரிந்திருந்தால் எப்படியும் போயிருப்பேன். அவளுக்கு மிஞ்சிய ஆறுதல் இது ஒன்றுதான்.

படம் மாறியது. சிவப்பு வாசலுக்கு உள்ளே ரதிதேவி கைகூப்பி நின்றாள். எங்கள் சரஸ்வதியைத்தான் அங்கே வேறு பெயரில் கும்பிடுகிறார்கள் என்று தியாகலிங்கம் விளக்கினார்.

அடுத்ததும் கோயில். அதற்கடுத்ததும் கோயில். எல்லாவற்றிலும் உள்ளே நின்றவள் ரதிதேவி. ஒன்றில் மட்டும் தியாகலிங்கம் தெரிந்தார், வாசலுக்கு வெளியே, வழிகாட்டிப் பெண்ணின் பூப்போட்ட குடையைப் பிடித்தபடி.

ஏன் ஒரு கோயிலுக்குள்ளும் ஆளைக் காணவில்லை என்று நண்பர் கதிர்காமநாதன் கேட்டார். கால் நோவு என்றார் தியாகலிங்கம்.

அடுத்த படம் கோட்டை. கருங்கல் படியெல்லாம் ஏறி, மதில் உச்சியில் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார் தியாகலிங்கம்.

அறை கொல்லென்று சிரித்தது. கதிர்காமநாதன் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது.

“என்ன தியாகர், கோயிலெண்டால் மட்டும் நோகிற காலோ? ஆருக்கும் சொல்லாமல் வேதக்காரராய் மாறிச் சேர்ச்சுக்குப் போறீரோ?”

தியாகலிங்கத்தை என்னவும் சொல்லலாம், அவருடைய சைவத்தை மட்டும் சொல்லக் கூடாது. திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுசன். ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

“விசர்க்கதை கதையாதையும். சாவு கேட்ட துடக்குத் தீட்டோட ஒருத்தன் கோயில் படி மிதிப்பானோ? பிளேன் ஏற முதல் நாளே என்ர ஒபிசுக்குத் தந்தி வந்திட்டுது.”

சிரிப்பு அப்படியே நின்றது.

ரதிதேவி சுவரில் சிரித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தாள். அம்மா முற்றத்தில் கிடக்க, அண்ணன் படலையைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் கோயில் கோயிலாகச் சுற்றிப் படத்துக்குச் சிரித்திருக்கிறாள். ஜப்பான் போகிறேன் என்று ஊரெல்லாம் பறையடித்த மனுசனுக்கு, போகாமல் நிற்பதுதான் வெட்கமாக இருந்திருக்கிறது.

வாய் தவறிவிட்டது அவருக்கும் விளங்கிவிட்டது. மனைவியின் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“உமக்கு ஒரு குறையும் வராதப்பா. தெரியாமல்தானே உள்ளுக்குப் போனனீர். அதுக்காகத்தான் நான் சொல்லாமல் விட்டது.”

ரதிதேவி எழுந்து நின்றாள். தனக்காக யாராவது ஒருவர் வாய் திறப்பார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினார். துடக்கு விஷயத்தில் தியாகர் செய்தது முறைதான் என்றார். மற்றவர்களும் ஓம் என்று தலையாட்டினார்கள்.