முட்ட முட்டத் தண்ணீர்

நீர் முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடிக்கச் சொல்லியிருந்தார்கள். சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரியுமாம். குடித்தான். தொடைகளை இறுக்கிக்கொண்டு மகளிர் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

சுற்றிலும் பெண்கள். எல்லோருக்கும் முட்டிக்கொண்டுதான் இருந்தது.

"ஆம்பளைங்க வெளிய நில்லுங்க. வீட்டம்மாவ மட்டும் விட்டுட்டுப் போங்க" என்றார் காவலாளி.

"ஸ்கேன் எனக்குத்தாண்ணே."

காவலாளி சிரித்தார். பக்கத்தில் இருந்த பெண் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

அவன் திருநம்பி. ஊசி போட்டுத் தாடி வந்துவிட்டது. கருப்பை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வலியும் அங்கேதான். நின்றால் வலி, படுத்தால் வலி, வேலைக்குப் பைக் ஓட்டிப் போனால் உயிர் போகிற வலி.

உள்ளே கூப்பிட்டார்கள். சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தான்.

ஸ்கேன் டாக்டர் சீட்டைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"ஒரு கேஸ் வந்திருக்கு. ஸ்டூடண்ட்ஸ எல்லாம் அனுப்புங்க. இந்த மாதிரி கிடைக்காது."

வந்தார்கள். கால்மாட்டில் நெருக்கியடித்து நின்றார்கள்.

எப்போதிலிருந்து இப்படி? வீட்டில் ஒத்துக்கொண்டார்களா? கல்யாணம் என்றால் எப்படி? குரல்கூட மாறிவிட்டதா, எங்கே கொஞ்சம் பேசு பார்ப்போம்.

வயிற்றின் மேல் இன்னும் ஒரு சொட்டு ஜெல் விழவில்லை.

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். குரங்காட்டியாவது ஆட்டம் முடிந்ததும் குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுப்பான்.

ஆத்திரம் தலைக்கேறியது. எழுந்து போய்விடலாம். போனால் இன்னொரு ஆஸ்பத்திரி, இன்னொரு பாட்டில் தண்ணீர், இன்னொரு கூட்டம். வலி மட்டும் இதே வலி. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கதவு தடதடத்தது.

"யம்மா, உள்ள இருக்கவருக்குச் சீக்கிரம் பாத்து அனுப்புங்க! எவ்வளவு நேரந்தான் அடக்குறது? இங்கயே போயிருவோம் போல!"

அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து குரல்கள். அவனுக்காக யாரும் கத்தவில்லை. அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் இந்த ஆஸ்பத்திரிக்குள் வந்ததிலிருந்து அவனுக்கு ஆகவேண்டியதைச் செய்யச் சொன்ன முதல் குரல் அதுதான்.

டாக்டர் சலித்துக்கொண்டே ஜெல்லைப் பிதுக்கினார். கருவியை வைத்து அழுத்தினார். மாணவர்களுக்கு ஏதோ விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

இன்னும் கொஞ்சம் அழுத்தினார். திரையை நோக்கிக் குனிந்தார்.

"வலி எத்தன நாளா இருக்குப்பா?"

இத்தனை நேரம் இத்தனை கேள்வி. வயிற்றைப் பற்றி இதுதான் முதல்.

அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான்.

"மொதல்ல இவங்கள வெளிய அனுப்புங்க. அப்புறம் சொல்றேன்."

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஜோடி செருப்பு நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது.

மற்றவர்கள் அப்படியே நின்றார்கள்.