சும்மா கிடப்பது

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை முடிவுகளையெல்லாம் கணக்கிட்டுத் தரும் அந்த சர்வருக்கு இரண்டு மூளைகள். வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கோதண்டபாணி சாஃப்ட்வேர் பேட்ச் போட்டதிலிருந்து, தனக்கு ஒரே மூளைதான் என்று அது சாதிக்கிறது. பழுது பார்க்க வந்த ஜெசிந்தா எப்படிக் கேட்டாலும் திரையில் ஒன்று என்றே வருகிறது. வெளியே முடிவுக்காகக் காத்திருப்பவர்களின் வரிசை மாடிப்படியில் இறங்கிவிட்டது.

"ஒத்த ப்ராசஸர் மெஷினுக்கான கெர்னல இதுல ஏத்திட்டீங்க சார். அந்த சாஃப்ட்வேருக்கு ரெண்டாவது ப்ராசஸர் கண்ணுக்கே தெரியாது."

"நான் எங்க ஏத்துனேன்? பேட்ச் தானா ஏத்திக்கிச்சு." கோதண்டபாணி தன் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "ஒண்ணு ஓடுதுல்ல? இன்னொண்ணு சும்மா கெடக்குது, கெடக்கட்டும்."

"பழைய கெர்னலுக்கே மாத்திடவா?"

"வேணாம்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நன்றாக ஓடுவதைக்கூட நோண்டிப் பார்க்காமல் தூங்காத மனிதர், இதை மட்டும் ஏன் விடச் சொல்கிறார்?

ஜெசிந்தா சர்வரின் மூடியைக் கழற்றினாள். உள்ளே இரண்டும் அருகருகே உட்கார்ந்திருந்தன, தலைமேல் உலோகத் தகடுகளோடு. இடது பக்கத்தில் இருந்ததைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. பாவம், ஒற்றை ஆளாக உழைக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து யாருமே வேலை கொடுக்காத மற்றது ஜில்லென்று இருக்கும் என்ற நினைப்பில் அதன் பக்கம் சத்தமில்லாமல் விரலை நகர்த்தினாள்.

"அதத் தொடாதீங்க மேடம்," என்றார் கோதண்டபாணி. அப்போதும் அவர் திரும்பவில்லை. "கை பொசுங்கிரும்."